இரண்டாயிரம் என்று அடித்தவள்

கம்பியக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரை மேல்சட்டைப் பைக்குள் செருகிவிடுவாள். கையிலேயே இருந்தால் யார் மேலாவது வீசிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கே உண்டு. அந்த ரப்பர் தொழிற்சாலையில் எல்லோருக்கும் இந்த அடையாளம் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் போனதும் சூப்பர்வைசர்களுக்கு வேறு எங்கோ அவசர வேலை முளைத்துவிடும்.

அன்று பாதுகாப்பு அதிகாரி மேசைமேல் தள்ளிய காகிதத்தைப் படித்ததும் ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் போயிற்று.

'தொழிலாளி அவசரத்திலும் கவனக்குறைவிலும் உருளைக்கு மிக அருகே கையைக் கொண்டுசென்றதும், நிறுத்தும் கயிற்றைத் தாமதமாக இழுத்ததுமே விபத்துக்குக் காரணம். இயந்திரமும் அதன் தகவல் இணைப்பும் முறையாக இயங்கின.' கீழே கையெழுத்துக்கு மூன்று கோடுகள். ஒன்றில் தொழிற்சாலை மேலாளர் கையெழுத்து. இரண்டாவதில் பாதுகாப்பு அதிகாரி. மூன்றாவது காலி. அது நெட்வொர்க் டெக்னீஷியனுக்கு, அதாவது கம்பியக்காவுக்கு.

"அவசரமா? யாருக்கு சார் அவசரம், ஆமைக்கா?"

"பட்டப்பேர வச்சு விசாரணை நடத்த முடியாதும்மா."

"சாப்பாட்டு டப்பாவத் தொறக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கிறவன் சார் அவன். இருபத்திரண்டு வருஷமா அவன் ஒரு தடவை வேகமா நடந்து யாராவது பார்த்திருக்காங்களா? எவனாவது ஒருத்தனக் காட்டுங்க, நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பாதுகாப்பு அதிகாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

ஆமை என்கிறவன் இரண்டாம் எண் மில்லில் நிற்பவன். மில் என்றால் ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள். எதிரெதிரே சுழன்று ரப்பரைப் பிசையும். முன்னால் நிற்பவன் ரப்பரைக் கையால் மடித்து மடித்து உருளைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஏதாவது விபரீதம் என்றால் அதை இழுத்தால் போதும், உருளை நின்றுவிடும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரத்தில், ஆமையின் வலக்கைக் கையுறை ரப்பரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனது. இடக்கையால் கயிற்றை இழுத்தான். உருளை நின்றது. நின்றபோது அவன் வலக்கை முழங்கைவரை உள்ளே இருந்தது. மருத்துவமனையில் மிச்சத்தை வெட்டி எடுத்தார்கள்.

கயிற்றை இழுத்தால் உருளை எப்படி நிற்கிறது? கயிற்றின் முனையில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு செய்தி கேபிள் வழியாகக் கிளம்பி, சுவிட்ச் என்கிற சந்திப்புப் பெட்டிகளைத் தாண்டி, கன்ட்ரோலருக்குப் போய்ச் சேர வேண்டும். கன்ட்ரோலர்தான் உருளையை நிறுத்தும். அந்தச் செய்தி போகும் பாதை முழுக்கக் கம்பியக்காவின் பொறுப்பு. யாராவது விளக்கம் கேட்டால் அவள் சொல்வாள்:

"மஞ்சப் பெட்டி நாள் பூரா 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு கத்திக்கிட்டே இருக்கும். கன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னு போச்சுன்னா, கேபிள் அறுந்துச்சா, பெட்டி செத்துச்சா, ஆளு மாட்டினானான்னெல்லாம் விசாரிக்காது. முதல்ல மில்ல நிறுத்திடும். விசாரணை அப்புறம்."

மனிதர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுகளிலேயே இதுதான் யோக்கியமானது என்பது அவள் எண்ணம். சத்தம் வரவில்லையா, ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அலுவலகங்கள் நேர்மாறு. கீழே இருப்பவன் வாய் திறக்கவில்லை என்றால் எல்லோரும் நலம் என்று எழுதிவைத்துக்கொள்ளும்.

சத்தத்துக்காகக் கன்ட்ரோலர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் நூற்றிருபது துண்டு. இயந்திரத்தைச் செய்தவர்கள் கையேட்டில் எழுதிவைத்த எண் அது. சும்மா எழுதவில்லை. உருளையின் வேகம் நொடிக்குக் கால் மீட்டர். நூற்றிருபது துண்டு நேரத்தில் அது மூன்று சென்டிமீட்டர் சுழலும். மூன்று சென்டிமீட்டர் என்றால் விரல்நுனி. நசுங்கும், வலிக்கும், ஆறிவிடும். அதே காத்திருப்பு இரண்டு நொடி என்றால் அரை மீட்டர். அரை மீட்டர் என்றால் முழங்கை. பள்ளிக்கூடக் கணக்குதான், இதற்கு மேதை வேண்டாம்.

கம்பியக்காவின் அம்மா ஒரு தொலைபேசி நிலையத்தில் தரை துடைத்தவள். பள்ளி விட்டதும் மகளும் அங்கே வந்து வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சுவர் நிறைய வண்ண வண்ணமாகக் கம்பிகள். "தொடாதே, தொடாதே" என்று அதிகாரிகள் விரட்டியதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் தொழிற்கல்வி. பாலிடெக்னிக்கில் வகுப்புக்கு மூன்றே பெண்கள். "கையில வளையல் போட்டா போதாதாம்மா, கம்பி வேற எதுக்கு?" என்று ஒரு வாத்தியார் கேட்டுவைத்தார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பேர் கம்பி. வேலையில் சேர்ந்தபோது ஒப்பந்தக் கூலியாகக் கேபிள் இழுக்கிற வேலை. கூரைக்குக் கீழே இருக்கிற சந்துகளில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து முழங்கால் இரண்டும் கறுத்துப்போயின. இப்போது அந்தக் கட்டடத்தில் எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வயதில் மூத்தவர்களும் அக்கா என்கிறார்கள். கிரகம் சரியில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், "எந்தக் கிரகம், எந்தக் கேபிள் வழியா வருது, சொல்லு, போய்ப் பிடுங்கிட்டு வரேன்" என்பாள்.

இந்த மேலாளர் வந்து ஒன்றரை வருடம். வந்ததும் செய்த முதல் காரியம் அறுபத்து நான்கு கேமரா வாங்கியது. இயந்திரங்களைப் பார்க்க இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் ஆளைப் பார்க்க. கேன்டீன், தண்ணீர்க் குழாய், உடை மாற்றும் அறையின் வாசல், கழிப்பறைக்கு வெளியே. யார் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார்கள் என்று கணக்கெடுக்கிற அளவுக்கு அவருக்குத் தொழில்மேல் அக்கறை. அவர் அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. தினமும் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அறுபத்து நான்கையும் ஒருசேரத் திறந்து, எவன் இரண்டு நிமிடம் முன்னால் கையைக் கழுவுகிறான் என்று பார்ப்பார்.

கேமராக்களுக்குத் தனிக் கேபிள் போட வேண்டும். மகளின் பரீட்சைக்காகக் கம்பியக்கா விடுப்பில் இருந்த வாரத்தில் வந்த ஒப்பந்தக்காரர்கள், கைக்கு எட்டிய சந்திப்புப் பெட்டிகளில் கேமராக்களைச் செருகிவிட்டுப் போனார்கள். மில்களின் செய்தி போகிற அதே பெட்டிகள்.

அதற்குப் பிறகு மில்கள் காரணமே இல்லாமல் நிற்க ஆரம்பித்தன. ஒருநாள் பதினொரு தடவை. பேய் பிடித்துவிட்டது என்றான் ஒருவன். பேயை ஓட்டுகிற ஆள் தன் ஊரில் இருப்பதாகச் சொன்னான் இன்னொருவன். "அவர வரச் சொல்லு, கேட்ல பாஸ் எடுத்துட்டு உள்ள வரட்டும்" என்றாள் கம்பியக்கா. உற்பத்தி குறைந்ததால் ஊக்கத்தொகை வெட்டுப்பட்டது. மில்காரர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். "அக்கா, கும்பிட்டுக் கேக்கறோம், இது நிக்காம ஓட ஏதாவது பண்ணுக்கா."

ஆமை மட்டும் கெஞ்சவில்லை. எல்லோரும் போன பிறகு மெதுவாக வந்து சொன்னான்: "நிக்கறது நல்லதுதானே அக்கா. நிக்காம போனாத்தான் பயம்."

மடிக்கணினியோடு மூன்று நாள் உட்கார்ந்து அவள் பேயைப் பிடித்தாள். மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், நீங்க எல்லா கேமராவையும் ஒண்ணா தொறக்கும்போதுதான் மில் நிக்குது."

"நான் இங்க டிவி பார்த்தா அங்க மில் நிக்குமா? கதை நல்லா இருக்கே."

"ரெண்டும் ஒரே ரோடு சார். ஆம்புலன்சும் அதுலதான் போகணும், உங்க அறுபத்து நாலு லாரியும் அதுலதான் போகுது. செய்தி லேட்டா வருது. வரலைன்னு நெனச்சு கன்ட்ரோலர் நிறுத்துது. அது செய்யறது சரி."

"அப்போ கொஞ்ச நேரம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க அதை. நூத்திருபதுன்னு என்ன கஞ்சத்தனம்? ரெண்டாயிரம் வைங்க."

"சார், ரெண்டாயிரம்னா ரெண்டு நொடி. யாராவது மாட்டினா..."

"ஒரு வாரம்மா. தனிக் கேபிளுக்கு ஆர்டர் போட்டுட்டேன். உங்க ஆளுங்கதான் ஊக்கத்தொகை போச்சுன்னு வாசல்ல நிக்கறாங்க. ஒரு வாரம் ஓட்டுங்க."

அவள் ஓட்டினாள். தன் பெயரில் கன்ட்ரோலருக்குள் நுழைந்து, தன் விரலால் 2000 என்று அடித்தாள். மில்கள் நிற்காமல் ஓடின. மில்காரர்கள் கேன்டீனில் அவளுக்குக் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் பதினான்கு மாதம் ஆயிற்று. மூன்று மின்னஞ்சல் எழுதினாள். முதலாவதுக்கு 'பார்த்தேன்' என்று பதில். இரண்டாவதுக்கு 'அடுத்த பட்ஜெட்டில்'. மூன்றாவதுக்குப் பதில் இல்லை. நாலாவது கடிதத்தை அவள் எழுதவில்லை. அது மூன்றாவது மாதம். மில் நிற்கவில்லை, யாரும் திட்டவில்லை, வேறு வேலை வந்தது, மறந்து போனாள். பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மேலாளர் எல்லாம் நலம் என்று எழுதிவைத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு வருடாந்தரச் சோதனைகூட நடந்தது. கயிற்றை இழுத்தார்கள், உருளை சட்டென்று நின்றது, தேர்ச்சி. ஏன் நிற்காது? உற்பத்தி கெடக் கூடாதென்று அந்தச் சோதனையை எப்போதும் வார விடுமுறை நாளில்தான் செய்வார்கள். ஆளில்லாத கொட்டகை. மேலாளரும் வர மாட்டார், அவர் சுவரும் இருட்டாக இருக்கும். காலி ரோட்டில் ஆம்புலன்ஸ் விட்டுப் பார்த்து, அடடா என்ன வேகம் என்று சான்றிதழ் எழுதிக்கொள்கிற வழக்கம் அது.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அவள் அந்தக் காலிக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

பாதுகாப்பு அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "நான் பதிவேட்டப் பார்த்தேம்மா. ரெண்டாயிரம்னு மாத்தினது உங்க ஐடி. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அந்தப் பக்கத்த யாரும் திருப்பப் போறதில்ல. போடலைன்னா திருப்புவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கு அவன் கவனக்குறைவானவன் ஆகணுமா சார்?"

"கை போனது போனதுதானே. எழுதினா திரும்ப மொளைக்கவா போகுது?"

காகிதத்தை மடித்து, ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

அன்று மாலை மருத்துவமனைக்குப் போனாள். ஆமையின் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையை வாரிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணைமேல், இருக்க வேண்டிய நீளத்தில் பாதியாக.

"வாக்கா. நல்லாத்தான் இருக்கேன். மணி பார்க்கத்தான் கஷ்டம். வாட்ச வலது கையிலதான் கட்டுவேன்ல."

அவள் கட்டிலருகே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா," என்றான் அவன். "படுத்தா அதேதான் ஓடுது. கையுறை மாட்டுச்சு, இழுத்தேன். இழுத்தா ஒடனே நிக்கணும். நிக்கலைன்னா நான் ஒடனே இழுக்கலைன்னுதானே அர்த்தம்? பயத்துல மரம் மாதிரி நின்னிருப்பேன் போல. எனக்கு ஒடனே இழுத்த மாதிரிதான் இருக்கு. ஆனா எல்லாரும் லேட்டுங்கறாங்க. இருபத்திரண்டு வருஷமா ஆமைன்னு கூப்பிட்டாங்க, சரியாத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"தலையெழுத்து," என்றாள் அவன் மனைவி. "யாரச் சொல்லி என்ன ஆகப் போகுது."

கையை எடுத்துக்கொண்டதோடு விடவில்லை. தான் செய்த சரியான காரியத்தையே அவன் சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள். அதற்கு உதவியாகத் தலையெழுத்து என்று ஒன்று எப்போதும் தயாராக நிற்கிறது. மேலிடத்தில் இருப்பவன் செய்த ஒவ்வொரு அயோக்கியத்தனத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூலி வாங்காமல் வேலை செய்கிற சுமைதாங்கி. கம்பியக்காவுக்குக் காது சுட்டது.

"தலையில யாரும் எழுதலம்மா. கம்ப்யூட்டர்ல அடிச்சாங்க. அடிச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா, நூற்றிருபது, இரண்டாயிரம், ஒரு வாரம், மூன்று மின்னஞ்சல், எழுதாமல் விட்ட நாலாவது.

"இப்படி ஆகலாம்னு உனக்குத் தெரியுமா?" என்றான் ஆமை.

"தெரியும்."

"பதினாலு மாசமா? தினமும் என் மில்லத் தாண்டித்தானே போவ. எனக்கு வணக்கம் வேற சொல்லுவ."

"ஆமா."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சீப்பைக் கையில் வைத்தபடியே அவன் மனைவி, "நீங்க போங்க" என்றாள்.

வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். நகரப் பேருந்து ஓட்டுநர். சட்டையை மடிப்பதில்கூட ஒரு ஒழுங்கு. மகள் புத்தகத்தோடு தரையில் கிடந்தாள். கம்பியக்கா காகிதத்தை எடுத்து இருவர் முன்னாலும் போட்டாள்.

"கையெழுத்துப் போடலைன்னா வேலை போயிடும்ல?" என்றான் கணவன்.

"போகும்."

"கேஸ் கூடப் போடுவாங்க."

"போடட்டும்."

அவன் ஒரு சட்டையை மடித்து முடித்தான். "என் வண்டியில பிரேக்க மிதிச்சா ரெண்டு நொடி கழிச்சுப் பிடிக்கும்னு வச்சுக்க. டெப்போவில 'ஒரு வாரம் ஓட்டுப்பா'ன்னு சொல்றாங்க. நான் எடுத்துட்டுப் போயி ஒருத்தன ஏத்திட்டேன். அப்புறம் 'அவன் குறுக்க வந்துட்டான்'னு எழுதிக் குடுத்தா நீ என்னை வீட்டுக்குள்ள விடுவியா?"

"செருப்பால அடிப்பேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கற?"

"நான் எங்கய்யா கேட்டேன்? சொல்லிட்டிருக்கேன்."

"அம்மா," என்றாள் மகள் தலை தூக்காமல், "மூணு மெயிலும் இருக்கா? பிரின்ட் எடுத்து வச்சுக்க. நாளைக்கே உன் பாஸ்வேர்டப் பிடுங்கிடுவாங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் அச்செடுத்துவிட்டாள். அன்று பதினொரு மணிக்கு அவள் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

அரசாங்க ஆய்வாளர் வரும் நாளாக மேலாளர் குறித்தது வழக்கம்போல வார விடுமுறை நாள். ஒல்லியான மனிதர், தைத்துத் தைத்துப் போட்ட தோல்பை, ஓயாத இருமல். இந்தத் தடவை மேலாளரும் இஸ்திரிச் சட்டையில் வந்திருந்தார். எடுத்ததும் ஆய்வாளரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைத் திறந்துகாட்டினார். அறுபத்து நான்கு கட்டம். காலி நாற்காலி, காலிக் குழாய், கழிப்பறைக் கதவு.

"தொழிலாளர் பாதுகாப்புக்காகவே செஞ்சது சார். ஒரு இடம் விடல."

"இதுல மில் எங்க இருக்கு?"

மேலாளர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு விபத்து நாளின் பதிவை ஓட்டினார். இரண்டு மணி மூன்று நிமிடம் பதினோராவது நொடியில் ஆமையின் இரண்டு கையும் ரப்பருக்கு வெளியே. அடுத்த படம் பதின்மூன்றாவது நொடி; முழங்கை உள்ளே.

"பாருங்க சார், கயிற இழுத்ததே தெரியல."

"நடுவுல ரெண்டு நொடி எங்க?"

"சில நேரம் படம் கொஞ்சம் தடுமாறும் சார்."

ஒருவன் குழாயில் கைகழுவும் நொடியெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒருவன் கை போன நொடி இல்லை. வாசலருகே நின்ற கம்பியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்க சார், மில்லுக்குப் போவோம். பத்து நிமிஷ வேலை," என்று மேலாளர் கிளம்பினார். சுவரை அணைக்கவில்லை. அறுபத்து நான்கு கட்டமும் திறந்தபடியே கிடந்தன. கம்பியக்கா அதைப் பார்த்தாள். இந்த மில்லின் சோதனை முதல் தடவையாக நிஜமான வேலைநாள் நெரிசலில் நடக்கப்போகிறது. அவள் எப்படிக் கேட்பது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை, அந்த மனிதர் தன் பெருமையாலேயே செய்து கொடுத்துவிட்டார். அந்த இரண்டாயிரமும் மாறாமல் அப்படியேதான் இருந்தது. எதையும் தொடக் கூடாதென்று மில்லின் பெட்டிகளுக்கெல்லாம் சீல் வைத்தவரும் அவரே.

அவள் பையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கணவனின் பழைய சீருடைச் சட்டைக் கையில் பஞ்சுக் கழிவை அடைத்து, நுனியில் மில் கையுறையை மகள் தைத்துக் கொடுத்திருந்தாள். பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு மையால் ஒரு கோடு.

"என்னம்மா இது, பொம்மை விளையாட்டு?" என்றார் மேலாளர்.

"கயிற நீங்களே இழுங்க சார்," என்றாள் அவள் ஆய்வாளரிடம். "விரல் உள்ள போற நிமிஷம் இழுங்க."

பாதுகாப்பு அதிகாரி உருளைகளை ஓட்டினார். கம்பியக்கா நீளக் கம்பொன்றில் கட்டிய பொம்மைக் கையை ரப்பர்மேல் வைத்தாள். கையுறை ஒட்டிக்கொண்டு உள்ளே போனது. ஆய்வாளர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். உருளை சுழன்றது. இன்னும் சுழன்றது. மைக் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாலாவது கோடு மறைந்து, ஐந்தாவதைத் தொட்டபோது நின்றது.

ஆய்வாளரின் கை இன்னும் கயிற்றில்தான் இருந்தது. "நான் ஒடனே இழுத்தேனே," என்றார்.

"கொஞ்சம் லேட்டா இழுத்துட்டீங்க சார்," என்றார் மேலாளர்.

பழக்கம் அப்படி. வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆய்வாளர் இருமலை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல போய் அந்தச் சுவர அணைச்சுட்டு வரச் சொல்லுங்க," என்றாள் கம்பியக்கா. "அப்புறம் இன்னொரு தடவை இழுங்க."

பாதுகாப்பு அதிகாரி ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார். பையிலிருந்து இன்னொரு பொம்மைக் கை வந்தது. அதே உருளை, அதே கயிறு, அதே ஆய்வாளர். விரல்நுனி நசுங்கியதோடு நின்றது.

"சரி, இன்னைக்கு இப்படி ஆச்சு," என்றார் மேலாளர். "அன்னைக்கு அவன் ஒடனே இழுத்தான்னு யாருக்குத் தெரியும்?"

"இதுக்குத் தெரியும்." அவள் சீல் வைத்த மஞ்சள் பெட்டியைக் காட்டினாள். "இழுத்த நேரத்த இது தனக்குள்ள எழுதி வச்சுக்கும். பெட்டிகிட்டயே வந்து மடிக்கணினியச் செருகினாத்தான் படிக்க முடியும். சீல உடைக்க எனக்கு அதிகாரம் இல்ல. சாருக்கு இருக்கு."

ஆய்வாளர் சீலை உடைத்தார். திரையில் ஒரு வரி வந்தது. கயிறு இழுக்கப்பட்டது: இரண்டு மணி மூன்று நிமிடம், பதினொன்று புள்ளி நான்கு நொடி. கன்ட்ரோலரின் பதிவில் உருளை நிறுத்தப்பட்டது: பதின்மூன்று புள்ளி மூன்று. எல்லாக் கடிகாரமும் கம்பியக்கா தினமும் காலையில் ஒன்றாகச் சரிபார்ப்பவை. பதினோராவது நொடியில் கை வெளியே இருந்ததற்கு மேலாளரின் கேமராவே சாட்சி.

அப்போதுதான் அவள் மடித்த காகிதத்தை எடுத்தாள். மூன்றாவது கோட்டுக்கு மேல் இருந்த வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினாள்: 'காத்திருப்பு நேரத்தை இரண்டாயிரமாக மாற்றியது நான். மாற்றச் சொன்னது மேலாளர். தவறு என்று மூன்று முறை எழுதினேன். பிறகு எழுதாமல் விட்டேன். கயிற்றை இழுத்தவன் சரியாக இழுத்தான்.' கையெழுத்துப் போட்டு, மின்னஞ்சல் அச்சுகளோடு ஆய்வாளரிடம் கொடுத்தாள்.

"இதனால உங்களுக்குத்தான் முதல்ல பாதிப்பு வரும், தெரியுமா?" என்றார் அவர்.

"தெரிஞ்சுதான் சார் எழுதினேன். தெரிஞ்சே தப்பா ஒண்ணு அடிச்சதே போதும்."

தனிக் கேபிள் நான்கே நாளில் போட்டுமுடித்தார்கள். ஆம், நான்கு நாள். அறிக்கையிலிருந்து 'கவனக்குறைவு' போயிற்று. கம்பியக்காவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பாதுகாப்பு அமைப்பில் முறையற்ற மாற்றம் செய்ததாகக் குற்றச்சாட்டு. மேலாளரை அதே நிறுவனத்தின் இதைவிடப் பெரிய தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அங்கே நூற்றிருபது கேமரா என்று கேள்வி.

பெட்டியில் வந்த வரியின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் ஆமையின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவன் மனைவி ஒதுங்கி வழி விட்டாள். ஆமை காகிதத்தை இடக்கையில் வாங்கி, தன் வழக்கப்படி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான்.

"பதினொண்ணு புள்ளி நாலு. அப்போ நான் இழுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை நொடிகூட இல்ல. ஆய்வாளரே அவ்வளவு வேகமா இழுக்கல."

அவன் மனைவியைப் பார்த்தான். "கேட்டியா?" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் தோள் மெல்லத் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது.

"நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதக்கா."

"நெனக்கல."

"உக்காரு மொதல்ல." காகிதத்தை இன்னொரு தடவை படித்தான். "அந்த ஆளு பேரு இதுல இல்லியே."

"இல்ல. பெரிய இடத்துக்கு மாத்திட்டாங்க."

"அங்கயும் மில் இருக்குல்ல? அங்கயும் எவனாவது நிப்பான்ல?"

கம்பியக்காவின் கை மேல்சட்டைப் பைக்குப் போயிற்று. கம்பெனி ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பது அப்போதுதான் நினைவு வந்தது. பையில் ஒரு பேனாதான் இருந்தது. அதை எடுத்தாள்.

"பேப்பர் இருக்கா?" என்றாள். "நாலாவது ஒண்ணு எழுதாம விட்டுட்டேன்."

"எழுது," என்றான் ஆமை. "கீழ நானும் போடறேன். இடது கையில இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கேன். மெதுவாத்தான் வரும், அவசரப்படுத்தாத."